'ஹெஸிடேட்' என்னும் வினைச்சொல்

ஆங்கில வினைச்சொற்களுள் சில பார்த்தவுடனே புரிந்துவிடும். 'ஈட்' என்றால் உண். 'ரன்' என்றால் ஓடு. அவற்றிற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. வேறு சில சொற்களோ நன்கு தெரிந்தவை போல் முகங்காட்டி, வாக்கியத்தில் வைக்கப் போகும்போதுதான் நம்மைத் திணற அடிக்கும். 'ஹெஸிடேட்' அத்தகைய சொல். சிறிய அகராதிகள் அதற்குத் 'தயங்கு' என்று ஒரே சொல்லில் பொருள் கூறி முடித்துவிடுகின்றன. நாமும் அதையே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு சொல் எல்லா இடத்திற்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. அதை இக்கட்டுரையில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஆயிரம் சொற்கள் இருக்க, இந்தச் சொல்லை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று நீங்கள் கேட்கலாம். ரேங்க் கார்டில் ஆசிரியர் குறிப்பு எழுதுவதற்கென்று ஒரு கட்டம் உண்டு அல்லவா? மாணவியரின் அட்டைகளில் அந்தக் கட்டத்தில் இடம்பெறும் வாக்கியங்களுள் ஒன்று, 'ஹெஸிடேட்ஸ் டு ஸ்பீக்' என்பது. மூன்றே சொற்கள். அவற்றை வீட்டில் எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கும் அப்பா, "ஏம்மா, அவ்வளவு பயமா உனக்கு?" என்கிறார். அம்மா, "பாடம் புரியலையா? டியூஷன் வைக்கணுமா?" என்று கவலைப்படுகிறார். பாட்டியோ, "பொம்பளப் புள்ள அடக்கமா இருக்குன்னு எழுதியிருக்காங்க, நல்லதுதானே" என்று மகிழ்ச்சி அடைகிறார். ஒருவர் அச்சம் என்றார். ஒருவர் அறியாமை என்றார். மற்றொருவர் நற்குணம் என்றார். எழுதிய ஆசிரியர் இந்த மூன்றில் எதையுமே சொல்லவில்லை! இது எப்படி நேர்ந்தது என்பதை அறிய, முதலில் அச்சொல்லின் பிறப்பைப் பார்க்கவேண்டும்.

ஒலிப்பைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' என்ற எழுத்து, பாம்பு சீறுவது போன்ற ஒலியன்று. தேனீ ரீங்காரமிடுவது போன்ற ஒலி. அழுத்தம் முதல் அசையில் விழும். பெயர்ச்சொல் 'ஹெஸிடேஷன்'. பெயரடை 'ஹெஸிடன்ட்'. வினையடை 'ஹெஸிடன்ட்லி'.

இச்சொல் ஆங்கிலத்திற்கு இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் 'ஹேரேரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அதன் பொருள் ஒட்டிக்கொள்ளுதல், பற்றிக்கொள்ளுதல். அச்செயல் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் 'ஹேஸிடாரே'. அதாவது அங்கங்கே ஒட்டி ஒட்டி நிற்றல். அதிலிருந்து பிறந்ததே 'ஹெஸிடேட்'. ஒட்டுதல் என்னும் பொருளுள்ள 'அட்ஹியர்', பசையைக் குறிக்கும் 'அட்ஹீஸிவ்', உடன்பிறந்த குணத்தைக் குறிக்கும் 'இன்ஹெரன்ட்' ஆகிய சொற்கள் இதற்கு உடன்பிறப்புகள். அடுத்த முறை கிழிந்த நோட்டுப் புத்தகத்தைப் பசை வைத்து ஒட்டும்போது, அந்தப் பசைக்கும் தயக்கத்திற்கும் ஒரே தாய் என்பதை நினைவில் வையுங்கள்.

நடவு நேரத்தில் வயலில் இறங்கியவர்களுக்கு இந்த இலத்தீன் சொல் எளிதில் விளங்கும். முன்னே போகவேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. காலும் எழப் பார்க்கிறது. ஆனால் சேறு உள்ளங்காலைப் பற்றிக்கொள்கிறது. ஒரு கணம் நின்று, இழுத்து, பிறகுதான் அடுத்த அடி வைக்கமுடியும். இலத்தீன் மொழியினர் தயக்கத்தை அப்படிக் கண்டார்கள். தயங்குகிறவரின் மனம் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது.

நம் தமிழோ இதற்கு நேர்மாறாகக் கண்டிருக்கிறது. 'தயங்குதல்' என்பதற்கு இன்று நாம் ஒரே பொருளைத்தான் அறிவோம். பழந்தமிழில் அதற்கு அசைதல் என்றும் ஒளிவிடுதல் என்றும் பொருள்கள் இருந்தன. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பெரிய தமிழ் அகராதியான லெக்சிகனில் இப்பொருள்களைக் காணலாம். சங்கப் புலவர்கள் கடல் அலையைத் 'தயங்கு திரை' என்றார்கள். அங்கே அலை எதற்கும் அஞ்சி நிற்கவில்லை, அசைந்து மின்னுகிறது. முன்னே வருவதும் பின்னே போவதுமாக இருக்கும் அந்த அசைவே பிற்காலத்தில் மனித மனத்தின் அசைவுக்கும் பெயராயிற்று என்று கொள்வது பொருத்தமாகவே தோன்றுகிறது.

ஆகவே ஒரே நிலைக்கு இரண்டு உருவகங்கள். இலத்தீனில் சேற்றில் ஒட்டிய கால். தமிழில் கரைக்கு வந்து வந்து திரும்பும் அலை. இவ்விரண்டும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. அது விவிலியத்தில் இருக்கிறது என்பதுதான் எங்களை வியக்கவைத்தது. புனித யாக்கோபு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரத்தில், இறைவனிடம் கேட்கிறவர் ஐயமின்றிக் கேட்கவேண்டும் என்றும், ஐயம் கொள்கிறவர் காற்றால் அலைக்கழிக்கப்படும் கடல் அலைக்கு ஒப்பானவர் என்றும் கூறப்படுகிறது. தமிழ் விவிலியம் 'ஐயப்பாடு' என்று கூறும் அந்த இடத்தில், பழைய இலத்தீன் விவிலியம் ஆண்டிருப்பது நாம் மேலே கண்ட 'ஹேஸிடாரே' என்ற சொல்லையே! ஒட்டுதலைக் குறிக்கப் பிறந்த சொல்லுக்கு அங்கே அலை உவமையாக அமைந்துவிட்டது. இலத்தீன் திருப்பலி கேட்டு வளர்ந்த மூத்த சகோதரியர் எவரேனும் இருந்தால், அவர்களிடம் இவ்வசனத்தைச் சொல்லிக்காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இனி இலக்கணத்திற்கு வருவோம். 'ஹெஸிடேட்' செயப்படுபொருள் குன்றிய வினை. யாரையும் யாரும் 'ஹெஸிடேட்' செய்யமுடியாது. ஆகையால் அதற்குச் செயப்பாட்டு வினையும் இல்லை. 'எனக்குத் தயக்கமாக இருக்கிறது' என்ற தமிழ் வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 'ஐ ஆம் ஹெஸிடேட்டட்' என்று சொல்வது நம் பக்கத்தில் வழக்கம். அது பிழை. 'ஐ ஹெஸிடேட்' என்றோ 'ஐ ஆம் ஹெஸிடன்ட்' என்றோதான் சொல்லவேண்டும்.

இச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்பதுதான் முக்கியம். இதற்குச் செஞ்சிக் கோட்டையையே உதாரணமாகக் கொள்வோம். இராஜகிரி மலையின் உச்சியை நெருங்கும்போது, பாறைகளுக்கு நடுவே ஆழமான ஒரு பிளவு குறுக்கிடும். சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ளது அது. அதன்மேல் உள்ள பாலத்தைக் கடந்தால்தான் உச்சிக்குப் போகமுடியும். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் கீழேயுள்ளவர் மேலே வரமுடியாது. ஒரு மாணவி அங்கே போய் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'ஷி ஹெஸிடேட்டட் டு கிராஸ் தி பிரிட்ஜ்' என்று ஒருவர் எழுதுகிறார். 'ஷி ஹெஸிடேட்டட் பிஃபோர் கிராஸிங் தி பிரிட்ஜ்' என்று வேறொருவர் எழுதுகிறார். இரண்டும் சரியான வாக்கியங்களே. ஆனால் பொருள் ஒன்றன்று. இரண்டாவது வாக்கியத்தில் அவள் சற்று நின்றாள், பிறகு கடந்தாள். முதல் வாக்கியத்தில் கடப்பதற்கு அவள் மனம் இணங்கவில்லை. கடந்தாளா இல்லையா என்பதை அந்த வாக்கியம் சொல்லவே இல்லை. தமிழில் இந்த வேறுபாட்டை நாம் சொல்லிக்கொடுக்காமலே அறிவோம். 'பாலத்தைக் கடக்கத் தயங்கினாள்' என்பது முதலாவது. 'தயங்கி, பிறகு பாலத்தைக் கடந்தாள்' என்பது இரண்டாவது. 'கடக்க' என்ற நம் செயவென் எச்சமும் ஆங்கிலத்தின் 'டு கிராஸ்' என்பதும் ஒரே வேலையைச் செய்கின்றன. இந்த ஓரிடத்தில் ஆங்கிலமும் தமிழும் அக்காள் தங்கை போல ஒத்துப்போகின்றன. அதனால் 'டு' வருமா வராதா என்று சந்தேகம் எழுந்தால், தமிழில் சொல்லிப் பாருங்கள். 'சொல்லத் தயங்கினாள்', 'கேட்கத் தயங்கினாள்' என்று வந்தால் ஆங்கிலத்தில் 'டு' போடலாம்.

ஒரு பொருளைப் பற்றியோ முடிவைப் பற்றியோ தயங்கினால் 'அபௌட்' அல்லது 'ஓவர்' வரும். துணிக்கடையில் இரண்டு பாவாடைகளைக் கையில் வைத்துக்கொண்டு நிறத்தைப் பற்றித் தயங்குகிறவள் 'ஹெஸிடேட்ஸ் ஓவர் தி கலர்'. இது எளிது.

தமிழில் மட்டும் உள்ள ஓர் அழகு, அடுக்கிச் சொல்வது. 'தயங்கித் தயங்கிச் சொன்னாள்' என்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நின்று நின்று சொன்னாள் என்று காட்சியே கண்முன் வரும். ஆங்கிலத்தில் அப்படி வினையை இரட்டிக்க வழியில்லை. 'ஷி ஸ்போக் ஹெஸிடன்ட்லி' என்றுதான் சொல்லமுடியும். பொருள் வந்துவிடுகிறது, ஆனால் அந்த நடை வரவில்லை.

இப்போது ரேங்க் கார்டுக்குத் திரும்புவோம். 'ஹெஸிடேட்' என்ற சொல் ஒருவர் நின்றார் என்பதை மட்டும் கூறும். ஏன் நின்றார் என்பதைக் கூறாது. தமிழ் வழக்கோ எங்கே ஒட்டிக்கொண்டது, எதனால் ஒட்டிக்கொண்டது என்று பெரும்பாலும் காட்டிவிடும். நம் வீடுகளில் பேசுவதைக் கவனியுங்கள். பிறந்த வீட்டிலிருந்து புறப்படும் பெண்ணுக்குக் 'கால் எழவில்லை'. துக்கச் செய்தியைச் சொல்ல வந்தவருக்கு 'நா எழவில்லை'. தவறு செய்த குழந்தையை அடிக்கப் போன தாய்க்குக் 'கை வரவில்லை'. தாத்தாவின் பழைய சைக்கிளை விற்க அப்பாவுக்கு 'மனம் வரவில்லை'. நான்கு இடத்திலும் ஆங்கிலத்தில் 'ஹெஸிடேட்' என்று எழுதினால் பிழையன்று. ஆனால் காலும் நாவும் கையும் மனமும் ஒரே சொல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

இன்னும் உண்டு. உண்மையைச் சொல்ல விரும்பாமல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறவர் 'மென்று விழுங்குகிறார்'. பணம் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் நாள் கடத்துகிறவர் 'இழுக்கிறார்'. உதவ நினைத்தும் வழி தெரியாதவர் 'கையைப் பிசைகிறார்'. இரண்டு கட்சிக்கும் நடுவில் இருப்பவர் 'மதில்மேல் பூனை'. விருந்தினர் வீட்டில் இன்னும் ஓர் இட்லி கேட்க முடியாமல் இருக்கும் குழந்தை 'கூச்சப்படுகிறது'. இவற்றில் ஒன்றுகூட மற்றொன்று அன்று. மென்று விழுங்குவதில் ஒரு மறைப்பு இருக்கிறது. கையைப் பிசைவதில் அன்பு இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

அதனால்தான் 'ஹெஸிடேட்ஸ் டு ஸ்பீக்' என்ற குறிப்பைப் படித்த மூவரும் மூன்று விதமாகப் பொருள் கொண்டார்கள். அவர்கள் மொழிபெயர்க்கவில்லை; விட்டுப்போன காரணத்தைத் தாங்களே இட்டு நிரப்பினார்கள். வகுப்பில் எழுந்து பேசாத மாணவிக்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஒருத்திக்கு விடை தெரியாது. ஒருத்திக்கு விடை தெரியும், ஆங்கிலம் வராது. ஒருத்திக்கு ஆங்கிலமும் வரும். ஆனால் சொல்லுமுன் வாக்கியத்தை மனத்திற்குள் ஒருமுறை சரிபார்க்கவேண்டும், அதற்குள் பக்கத்துப் பெஞ்சு கையை உயர்த்திவிடுகிறது. இன்னொருத்தி, முன்பு ஒரு நாள் உச்சரிப்புக்காகச் சிரிக்கப்பட்டவள். இந்த நால்வருக்கும் ஒரே மருந்து உதவுமா? குறிப்பு எழுதுகிறவர்கள் நான்காவதாக ஒரு சொல்லைச் சேர்த்துக் காரணத்தையும் எழுதினால் வீட்டில் வீண் விசாரணை குறையும் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஒரே மாதிரியான நிற்றலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம் என்பதற்குப் புனித லூக்காவின் நற்செய்தியில் ஒரு சிறந்த சான்று இருக்கிறது. முதல் அதிகாரத்திலேயே வானதூதர் கபிரியேல் இருவரைச் சந்திக்கிறார். முதலில் முதிர்ந்த வயதினரான சக்கரியா. பிறகு நாசரேத்து ஊரின் கன்னி மரியா. இருவரும் உடனே 'சரி' என்று சொல்லவில்லை. இருவருமே ஒரு கேள்வி கேட்டார்கள். சக்கரியா பேச்சிழந்தார்; யோவான் பிறந்து, அவருக்குப் பெயரிடும் நாள் வரையில் அவரால் பேசமுடியவில்லை. அன்னை மரியாவுக்கோ வானதூதர் பொறுமையாக விளக்கம் அளித்தார். ஏன் இந்த வேறுபாடு? சக்கரியா நம்பாமல் அடையாளம் கேட்டார். அன்னை மரியா நடக்குமா என்று கேட்கவில்லை. எப்படி நடக்கும் என்று கேட்டார். வெளியிலிருந்து பார்த்தவருக்கு இருவரும் நின்றார்கள் என்றுதான் தெரிந்திருக்கும். 'ஹெஸிடேட்' என்ற சொல்லும் அப்படி வெளியிலிருந்து பார்க்கும் சொல்தான்.

அச்சத்தால் நிற்பதற்கும் அச்சத்தால் விலகுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லச் சீயமங்கலமே போதும். செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்கு அருகில் உள்ள இவ்வூரின் குகைக் கோயில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்தது. அவனிபாஜன பல்லவேசுவரம் என்பது அதன் பழம்பெயர். அங்கே தூண் ஒன்றில் சிவபெருமான் கூத்தாடும் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கற்சிற்பங்களில் மிகப் பழைய ஆடல்வல்லான் வடிவங்களுள் இதுவும் ஒன்று. ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தூக்கிய அந்நிலைக்கு நாட்டிய சாத்திரத்தில் 'புஜங்கத்ராசிதம்' என்று பெயர். பாம்பைக் கண்டு அஞ்சியது என்பது அதன் பொருள். காலடியில் பாம்பைக் கண்டவர் சட்டென்று காலைத் தூக்குவார் அல்லவா, அந்த அசைவை நடனமாக்கிவிட்டார்கள். இங்கே 'ஹெஸிடேட்' பொருந்தாது. ஏனென்றால் கால் ஒட்டிக்கொள்ளவில்லை, எழும்பிவிட்டது. இதற்கு ஆங்கிலத்தில் 'ரிகாயில்' என்று வேறு சொல் உண்டு. தயக்கத்தில் யோசனைக்கு நேரம் இருக்கிறது. பாம்பைக் கண்டவருக்கு அது இல்லை!

சொல்லாராய்ச்சியில் பழமொழியை விட்டுவிடலாகாது. தயங்குகிறவர் தோற்றார் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பழமொழி வழங்குகிறது. பேச்சுப் போட்டிகளில் அதை எடுத்துக்காட்டாதவர் குறைவு. அதன் மூலத்தை ஜோசப் அடிசன் எழுதிய 'கேட்டோ' என்ற நாடகத்தில் காட்டுவார்கள். இலண்டனில் 1713ஆம் ஆண்டு முதன்முதலாக நடிக்கப்பட்ட நாடகம் அது. அங்கே 'தயங்குகிறவர்' என்று பொதுவாகச் சொல்லப்படவில்லை. காதலைப் பற்றிய பேச்சில், யோசித்துக்கொண்டு நிற்கும் பெண் தோற்றாள் என்றே வருகிறது. ஆணுக்குச் சொல்லப்படாத எச்சரிக்கை பெண்ணுக்கு மட்டும்! பிறகு மக்கள் வாயில் புழங்கி, பெண் என்பது எல்லோருக்குமாகி, யோசித்தல் என்பது 'ஹெஸிடேட்' ஆகிவிட்டது. யோசிப்பதும் தயங்குவதும் ஒன்றாகவே ஆக்கப்பட்டது என்பதை ஊன்றிக் கவனியுங்கள்.

இப்பழமொழி உண்மைதானா? செஞ்சிக் கோட்டையைச் சாட்சிக்கு அழைப்போம். 'கேட்டோ' அரங்கேறிய மறு ஆண்டு, 1714 அக்டோபர் 3ஆம் நாள், செஞ்சியை ஆண்ட தேசிங்கு என்னும் தேஜ்சிங், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சில நூறு குதிரை வீரர்களுடன் எதிர்த்துப் போரிட்டு மாண்டார். இருபத்திரண்டு வயது என்பர். உடன் வந்த நண்பர் மகபத் கானும் அப்போரில் உயிர் நீத்தார். அவரைத் திருமணக் கோலத்திலேயே போருக்குப் புறப்பட்டவராக நம் ஊர்க் கதைப்பாட்டு வருணிக்கும். இவ்விருவரும் ஒரு கணமும் தயங்கியவர்கள் அல்லர். ஆனாலும் தோற்றார்கள்.

அதற்கு முன் இதே கோட்டையின் அடிவாரத்தில் தயக்கத்திற்கே பேர்போன ஒருவர் இருந்தார். சிவாஜியின் மகன் இராஜாராம் செஞ்சிக்குள் புகுந்துகொண்டபோது, பேரரசர் ஔரங்கசீப் தம் தளபதி சுல்பிகார் கானை அனுப்பினார். 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்துக்கொண்டே போயிற்று. 1693ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முற்றுகையை விட்டுவிட்டு நம் வந்தவாசிக்கே வந்து தங்கிவிட்டார் அத்தளபதி! பிறகு மீண்டும் போனார். கடைசியில் கோட்டை அவர் கைக்குத்தான் வந்தது. ஆனால் இராஜாராம் அதற்குள் தப்பிப் போய்விட்டார். பறவை போனபின் கூடு கிடைத்தது எனலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், சுல்பிகார் கான் உண்மையாகவே தயங்கினாரா, அல்லது இராஜாராமுடன் உள்ளூர உடன்பாடு வைத்துக்கொண்டு தயங்குவது போல் நடித்தாரா என்று அக்காலத்தவரே சந்தேகப்பட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். ஔரங்கசீப்பிடம் ரேங்க் கார்டு இருந்திருந்தால் அவரும் 'ஹெஸிடேட்ஸ்' என்றுதான் எழுதியிருப்பார். காரணம் அதில் தெரிந்திருக்காது.

தயங்காமல் வென்றவரும் உண்டு. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் இக்கோட்டையைப் பிடித்தார். ஆக, தயங்காதவர் ஒருவர் தோற்றார்; தயங்காதவர் ஒருவர் வென்றார்; தயங்கியவர் பாதி வென்றார். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டு சேர்க்கப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான் அவற்றுள் இடம்பெற்றது. அவ்வளவு பெரிய கோட்டையே அந்த ஆங்கிலப் பழமொழிக்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது.

இவ்விஷயத்தில் திருவள்ளுவர் இன்னும் நுட்பமாகப் பேசுகிறார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. 'வினைசெயல்வகை' என்ற அதிகாரத்தில், காலம் தாழ்த்திச் செய்யவேண்டியதைக் காலம் தாழ்த்தியே செய்யவேண்டும், தாழ்த்தக் கூடாததைத் தாழ்த்தக் கூடாது என்கிறார் அவர். அங்கே காலம் தாழ்த்துதலுக்கு வள்ளுவர் ஆளும் சொல் 'தூங்குதல்'. எங்கள் தமிழ் வகுப்பில் இக்குறள் வந்தபோது பின் பெஞ்சிலிருந்து சிரிப்பொலி கேட்டது. வள்ளுவரே தூங்கச் சொல்லிவிட்டார் என்பது அவர்கள் மகிழ்ச்சி. உண்மையில் பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல். தொங்குவது எளிதில் கீழே வராது. அதனால் தாமதம் என்ற பொருள் வந்தது. தயங்குதலைப் போலவே தூங்குதலும் அசைவிலிருந்து பிறந்த சொல் என்பதைக் காணும்போது, நம் முன்னோர் தாமதத்தை எப்போதுமே ஊஞ்சலாகத்தான் பார்த்தார்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஒத்த பொருளுடைய பிற ஆங்கிலச் சொற்களையும் பார்த்துவிடுவோம். 'பாஸ்' என்பது வெறும் நிறுத்தம். அதில் ஐயம் இல்லை. செபமாலை சொல்லும்போது மூச்சு வாங்க நிற்பது 'பாஸ்'. அடுத்த மறைபொருள் எது என்று மறந்து நிற்பது 'ஹெஸிடேட்'. 'வேவர்' என்பது இரண்டு முடிவுகளுக்கு இடையே ஊசலாடுவது. 'ஃபால்டர்' என்பது தொடங்கிய பிறகு நடுவில் தடுமாறுவது. மேடையில் குரல் கம்மும்போது இச்சொல்லே ஏற்றது. 'லிங்கர்' என்பது போக மனமின்றி நின்றுகொண்டிருப்பது. பள்ளி இறுதி நாளன்று மணி அடித்த பிறகும் வேப்பமரத்தடியை விட்டு நகராமல் நிற்கும் மாணவியர் 'லிங்கர்' செய்கிறார்கள். அவர்கள் எதைப் பற்றியும் தயங்கவில்லை. 'ஸ்டாமர்' என்பது திக்குதல். திக்கிப் பேசுகிறவரின் நாவுக்குத்தான் தடை, மனத்திற்கு இல்லை. இதைத் தயக்கம் என்று சொல்வது அவர்களுக்கு அநீதி.

கடைசியாக, கடிதங்களில் வரும் 'டோன்ட் ஹெஸிடேட்' என்ற வழக்கு. இது எதிர்மறை ஏவல் போலத் தோன்றினாலும் தடை அன்று, அழைப்பு. 'ப்ளீஸ் டோன்ட் ஹெஸிடேட் டு ஆஸ்க்' என்று ஒருவர் எழுதினால், 'தயங்காமல் கேளுங்கள்' என்று பொருள். ஆனால் சாப்பாட்டு இலையின் முன் அமர்ந்த விருந்தினரிடம் 'கூச்சப்படாமல் சாப்பிடுங்கள்' என்று சொல்வதை இச்சொல்லால் மொழிபெயர்க்க வேண்டாம். அவ்விடத்தில் 'டோன்ட் பி ஷை' என்பதே இயல்பு. இலையின் முன் அமர்ந்தவருக்கு ஐயம் ஒன்றுமில்லை. பசியும் இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது. அவ்வளவுதான்.

தோழியர் பயிற்சி செய்வதற்காகக் கீழே சில வாக்கியங்களைத் தருகிறோம். இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எல்லாவற்றிலும் 'ஹெஸிடேட்' வரும் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கே வராது என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சி.

அவள் கதவருகில் ஒரு கணம் தயங்கி, பிறகு உள்ளே நுழைந்தாள்.

பாம்பைக் கண்டதும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

சைக்கிளை விற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை.

இராஜகிரிப் பாலத்தைக் கடக்கத் தயங்கியவர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள்.

செபமாலையின் ஒவ்வொரு மறைபொருளுக்கும் முன் சற்று நிறுத்திச் சொல்லுங்கள்.

அவளுக்கு விடை தெரியும். சொல்வதற்குமுன் ஒருமுறை யோசித்தாள்.